படத்தில் எது இல்லை

என் வேலைக்கு வேண்டியவை கொஞ்சம்தான்:
ஒரு மேசை, ஒரு நிறுத்துக் கடிகாரம்,
இருபது அட்டைகள்,
எதிரே ஆறு வயதில் ஒரு பிள்ளை.

ஸ்லோவாக்கியாவின் கிழக்கு ஓரம்.
தோரிசா ஆறு பாதி உறைந்து கிடந்த பிப்ரவரி.
நான் போடும் எண் எழுபதைத் தாண்டினால் ஊர்ப் பள்ளி.
தாண்டாவிட்டால் பாலத்துக்கு அப்பால்
மஞ்சள் கட்டடம்.
அங்கே வாய்பாடு ஐந்தோடு நின்றுவிடும்.

யோலானா ஜிகா.
ரோமா குடியிருப்பிலிருந்து
நான்கு கிலோமீட்டர் நடந்து வந்தவள்.
காலணி நனைந்து, நாற்காலிக்கு அடியில்
சின்னக் குளம் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது.
கவனித்தேன்.
தரை பாழாகிறதே என்று கவனித்தேன்.

அட்டை மூன்று. கதவு. கைப்பிடி இல்லை.
"இந்தப் படத்தில் எது இல்லை?"
கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"எல்லாம் இருக்கு" என்றாள்,
எனக்குப் புரியட்டும் என்று
என் மொழியில், மெதுவாக.
சுழியம்.

அட்டை ஐந்து. மேசை. ஒரு கால் இல்லை.
"செங்கல் வைக்கலாம்."
கேட்டது அதுவல்ல. சுழியம்.

அட்டை ஒன்பது. குளியலறை.
தொட்டி, கண்ணாடி, கோடு போட்ட துண்டு.
குழாயை மட்டும் வரையாமல் விட்டிருந்தார்கள்.
முப்பது நொடி தர வேண்டும், நாற்பது ஆயிற்று.
வெறும் தொட்டிக்குள் விரலை வைத்துச் சொன்னாள்:
"யாருமே இல்ல."

விடைத்தாளில் அதற்கு இடமில்லை.

அறுபத்தாறு.

அதே காலை, அவளுக்கு முன்பு,
கால்நடை மருத்துவரின் மகன் ரதோவான்.
கதவைக் காட்டினால்
ஜன்னல் வழியே பனி அள்ளும் வண்டியைப் பார்த்தான்.
அறுபத்தேழு.
இரவெல்லாம் தூங்கவில்லை, சளி என்றாள் அம்மா.
ஐயோ பாவம் என்றேன். தாளைக் கிழித்தேன்.
அடுத்த வியாழன் வரச் சொன்னேன்.
இடையில் அவர்கள் வீட்டுச் சமையலறையில்
எத்தனை கதவுக்குக் கைப்பிடி முளைத்ததோ, அறியேன்.
நூற்று நான்கு.

இரக்கம் என்றுதான் நினைத்தேன்.
இரக்கம்தான் அது.
ஒன்பது மணிக்கு இருந்தது,
பத்தரைக்கு இல்லை.

யோலானாவின் தாய் நடைவழியில் நின்றாள்,
அழைப்புக் கடிதம் கைக்குள் கசங்கி.
எங்கே கையெழுத்து என்று கேட்டாள்.
வேறொன்றும் கேட்கவில்லை.
காட்டினேன்.

பன்னிரண்டு ஆண்டு கழித்துப் புதிய பதிப்பு வந்தது,
பிளாஸ்டிக் வாசனையோடு, புதுப் பெட்டியில்.
குளியலறை போயிருந்தது. கதவும்.
முன்னுரையில் ஒரு வரி:
சில படங்கள் சில பிள்ளைகளுக்கு
நியாயமாக அமையவில்லை,
பழைய அட்டைகளை அழித்துவிடவும்.
பழைய எண்களை என்ன செய்வது?
எல்லாப் பக்கமும் புரட்டினேன், பின்னட்டை வரை.
அவளுக்கு அப்போது பதினெட்டு.
ஐந்தாம் வாய்பாடு வரை தெரிந்திருக்கும்.

நான் அழிக்கவில்லை.
ஒன்பதாம் அட்டை வீட்டில் இருக்கிறது,
மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவே.
சில இரவுகளில் எடுத்துப் பார்க்கிறேன்.
குழாய் இல்லாதது இப்போதெல்லாம்
கண்ணில் படுவதே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
அன்று அட்டைகளை அடுக்கும்போது
மேலே இருந்த ஒன்றை வெடுக்கென்று எடுத்தாள்.
படம் என் பக்கம் தெரியத் திருப்பிப் பிடித்து,
"அகனா மே" என்றாள்.
எனக்கு அது வெறும் சத்தம்.
குறிப்புப் பகுதியில் எழுதினேன்: தொடர்பற்ற பேச்சு.
மொழிபெயர்ப்பாளர் என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு,
தேவையில்லை என்று காலையிலேயே
குறி போட்டு வைத்திருந்தேன்.

கொதிகலன் பார்க்கவந்த ஆள்
மார்ச் மாதம் பேச்சுவாக்கில் அர்த்தம் சொன்னான்:
இப்ப நான்.

இப்ப நான் கேட்கிறேன், நீ சொல்.
முகத்துக்கு நேரே அட்டை, அதற்கு மேலே இரண்டு கண்.
காத்திருந்தாள்.
கடிகாரத்தை நான்
ஏற்கெனவே நிறுத்தியிருந்தேன்.